மடக்கு டிரெய்லர்: இலகுவான முகாம் வண்டியைத் தேர்ந்தெடுத்தல்

மடக்கு டிரெய்லர் என்பது காரின் பின்னால் இழுத்துச் செல்லும்போது தாழ்ந்த பெட்டியாக மடிந்திருந்து, முகாமிடத்தை அடைந்ததும் கூரையும் சுவரும் உயர்ந்து, படுக்கையும் அடுப்பும் உள்ள சிற்றறையாக விரியும் வண்டி. அமெரிக்காவிலும் கனடாவிலும் இதன் பரவலான வடிவத்தைப் 'பாப்-அப்' என்று அழைக்கிறார்கள். தரையில் அடிக்கும் கூடாரத்துக்கும், சுவர்கள் நிலையாக நிற்கும் முழு உயர டிரெய்லருக்கும் நடுவில் இருப்பது இதன் இடம். படுக்கை தரையின் ஈரத்துக்கும் குளிருக்கும் மேலே இருக்கும். சாலையில் வண்டி காரின் உயரத்தைப் பெரிதும் தாண்டாது. வீடு திரும்பியதும் கார் கொட்டகையிலேயே நிறுத்திவிடலாம். வாங்குவோர் பெரும்பாலும் உள்ளறை வரைபடத்தையும் வசதிப் பட்டியலையும் வைத்தே முடிவு செய்கிறார்கள்: எத்தனை பேர் படுக்கலாம், ஃபிரிட்ஜ் உண்டா, ஏசி உண்டா, கழிப்பறை உண்டா என்று. அந்த வரிசை தலைகீழானது என்பதே இக்கட்டுரையின் வாதம். இவ்வகை வண்டியில் கிடைக்கும் சுகத்தை முதலில் முடிவு செய்வது மடிப்பு: அதை எத்தனை முறை, எந்த வானிலையில், யார் கையால் விரித்து மடக்க வேண்டியிருக்கிறது என்பது. அடுத்து வருவது, பயணத்துக்குத் தயாராக எல்லாம் ஏற்றிய நிலையில் வண்டியின் எடை. வசதிப் பட்டியலுக்கு மூன்றாம் இடம்தான். சேர்க்கும் ஒவ்வொரு வசதியும் எடையைக் கூட்டுகிறது, மடிப்பு வேலையையும் கூட்டுகிறது. ஓர் எல்லைக்குப் பிறகு, மடக்கு வண்டியை நாடியதற்கான காரணத்தையே அது அழித்துவிடுகிறது.

வரலாறு

கார் சாதாரணக் குடும்பங்களின் கைக்கு வந்த முதலாம் உலகப் போர்க் காலத்திலேயே, துணிக்கூரை மடிந்து கிடக்கும் கூடார டிரெய்லர்கள் அமெரிக்காவில் விற்கப்பட்டன. அன்றைய கார்களின் எஞ்சின் வலுவற்றது, சாலைகள் கரடானவை. ஆகவே இலகுவாகவும் தாழ்வாகவும் இருப்பது அப்போது விருப்பத்தின்பாற்பட்டதாக இல்லை, கட்டாயமாகவே இருந்தது. மடிப்பின் அடிப்படைச் சிக்கலும் அப்போதே வெளிப்பட்டுவிட்டது. 1920களின் இறுதியில், மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஆர்தர் ஷெர்மன் என்ற நுண்ணுயிரியலாளர் ஐந்து நிமிடத்தில் விரித்துவிடலாம் என்று விளம்பரப்படுத்தப்பட்ட கூடார டிரெய்லர் ஒன்றை வாங்கினார். முதல் பயணத்திலேயே இடிமழை பிடித்துக்கொள்ள, வண்டியை விரித்து முடிப்பதற்குள் குடும்பமே நனைந்துபோனது. மடிக்கவே தேவையில்லாத, திடச் சுவர் கொண்ட பெட்டி ஒன்றை அவர் தாமே வடிவமைத்துச் செய்வித்தார். அதிலிருந்து பிறந்த 'கவர்டு வேகன்' நிறுவனம் 1930களின் நடுவில் அமெரிக்காவின் மிகப் பெரிய டிரெய்லர் தயாரிப்பாளராக வளர்ந்தது. ஒரு பெரும் தொழிலே மடிப்பின் மீதான அதிருப்தியிலிருந்து கிளைத்தது என்பது, வாங்குவோர் இன்றும் மறக்கக் கூடாத சான்று. விளம்பரத்தில் சொல்லப்படும் விரிப்பு நேரம் உலர்ந்த நாளில், சமதரையில், பழகிய கைகள் எடுத்துக்கொள்ளும் நேரம். வண்டியின் உண்மையான தரம் மழை பெய்யும் மாலையில்தான் தெரியும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் மடிப்பைச் சுலபமாக்கும் முயற்சி பல திசைகளில் நடந்தது. ஒஹாயோவில் உருவான 'ஹை-லோ' வண்டியில், மேல்பாதி கீழ்ப்பாதியின் மேல் மூடிபோல இறங்கி உட்காரும். இரண்டு பாதிகளும் திடமானவை. பிரான்சில் 1961இல் கான்ஸ்டான் ரூசோ தொடங்கிய 'ராப்பிடோ', சுவர்ப் பலகைகளே உள்நோக்கி மடியும் வண்டியைப் பரப்பியது. 1968இல் லாயிட் பான்ட்ரேகர் இந்தியானா மாநிலத்தின் மிடில்பரியில் 'ஜேகோ' நிறுவனத்தைத் தொடங்கியபோது, அதன் மூலதனமாக இருந்தது கிராங்க் கைப்பிடியைச் சுழற்றினால் கூரையின் நான்கு மூலைகளும் ஒருசேர எழும் தூக்குமுறை. 1980களில் பென்சில்வேனியாவின் 'ஏலைனர்', கூரையின் இரு பாதிகளும் முக்கோணமாக நிமிர்ந்து ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் வடிவத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். நிலைத்த புதுமைகள் அனைத்தும் மடிப்பின் வேலையைக் குறைக்கவோ, மடியும் துணியைக் குறைக்கவோ வந்தவை. கூடுதல் வசதிகள் இவற்றின் மேல்தான் பின்னர் வந்து அமர்ந்தன.

மடிப்பு வகைகளும் அவற்றின் விலையும்

ஐரோப்பாவில், சிறப்பாக டென்மார்க்கின் 'காம்பி-கேம்ப்', 'கேம்ப்-லெட்' போன்ற பெயர்களில் அறியப்பட்ட டிரெய்லர் கூடாரம்தான் வகைகளில் மிக இலகுவானது. சிறு சரக்குப் பெட்டி போன்ற அடித்தளத்தின் மேல் மடிந்திருக்கும் கூடாரத்தைப் புரட்டிப் போட்டு, தரையில் முளையடித்து இழுத்துக் கட்ட வேண்டும். சில நூறு கிலோ எடையில், ஒரு முழுக் கூடாரத்தின் பரப்பையும் தரையிலிருந்து உயர்ந்த மெத்தையையும் இது தந்துவிடும். விலை உழைப்பில் இருக்கிறது: முளை, கயிறு, கம்பு எல்லாம் உண்டு, இருட்டிலும் காற்றிலும் அது சிரமம். ஓர் ஏரிக்கரையில் இரண்டு வாரம் தங்கிவிட்டு வீடு திரும்பும் குடும்பத்துக்கு இந்த உழைப்பு ஒரு முறைதான். அவர்களுக்கு இதைவிடச் சிக்கனமான தேர்வு அரிது. நாளுக்கொரு ஊராகச் செல்வோருக்கு இதே வண்டி இரண்டாம் வாரத்தில் தண்டனையாகிவிடும்.

வட அமெரிக்கப் பாப்-அப் வண்டியில் திடமான கூரை கிராங்கால் எழும். பிறகு முன்னும் பின்னும் படுக்கைத் தட்டுகள் இழுப்பறைபோல வெளியே நீளும். சுவர்கள் துணியாலோ பூச்சிட்ட வினைலாலோ ஆனவை. நடுவில் நிமிர்ந்து நிற்கலாம், நான்கு முதல் ஆறு பேர் படுக்கலாம், மூன்று பக்கமும் காற்று வரும். குழந்தைகள் உள்ள குடும்பத்துக்கு எடைக்கேற்ற இடம் என்ற கணக்கில் இதற்கு இணை இல்லை. ஆனால் கூரையைத் தூக்கும் கம்பிவடம், கப்பி, வின்ச், ஒன்றினுள் ஒன்று நுழையும் தூண்கள் ஆகியவை பராமரிப்பைக் கேட்பவை; ஒரு வடம் அறுந்தாலும் கூரை ஒரு பக்கம் சாயும். படுக்கைகளின் அடிமுட்டுகளைப் பொருத்துவது, துணியை ஓரங்களில் இறுக்குவது, கதவை மாட்டுவது, மூலைகளில் தாங்குகால்களை இறக்குவது என்று வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். பழகியவர் அரை மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம். சோர்ந்த குழந்தைகள் பக்கத்தில் நிற்கும்போது அந்த அரை மணி நேரமும் நீளமானதே.

ஏலைனர் போன்ற ஏ-வடிவ வண்டியில் துணி ஏறக்குறைய இல்லை. கூரையின் இரு பாதிகளையும் சுருள்வில் அல்லது வாயு முட்டுகளின் உதவியோடு நிமிர்த்தி, இரு பக்கச் சுவர்களையும் உள்ளிருந்து தூக்கிப் பூட்டினால் அறை தயார். மழையில் விரித்தாலும் நனைவது குறைவு; காலையில் துணி உலரக் காத்திருக்க வேண்டாம். இந்த வேகத்துக்கு இடம்தான் விலை. உச்சிக் கோட்டின் கீழே மட்டுமே நிமிர்ந்து நிற்க முடியும். இருவருக்கு வசதி, மூன்றாவது ஆளுக்கு நெருக்கடி. கூரையை நிமிர்த்தும் அந்தச் சில நொடிகளில் பலத்த காற்று அடித்தால் பலகை பாய்மரம்போலக் காற்றை வாங்கும் என்பதால், வண்டியைக் காற்றின் திசை பார்த்து நிறுத்துவது அவசியம். ஹை-லோ, 'டிரெயில்மேனர்' போன்ற திடச்சுவர் வகைகள் இன்னும் ஒரு படி மேலே போய், கழிப்பறையும் குளிக்கும் இடமும் உள்ளே தருகின்றன. ஆனால் அவற்றின் எடை வெறுமையாகவே ஒரு டன்னைத் தாண்டுவது வழக்கம். சிறு கார்களை வைத்திருப்போர் அங்கேயே வெளியேறிவிட வேண்டியதுதான்.

இந்த வகைகளுக்குள் தேர்வு செய்ய உதவும் முதல் கேள்வி, ஒரே இடத்தில் சராசரியாக எத்தனை இரவு தங்குவீர்கள் என்பதே. இரண்டு இரவுக்கு ஒருமுறை இடம் மாறும் இரண்டு வாரப் பயணத்தில் விரிப்பும் மடிப்பும் ஏழு ஏழு முறை வரும். ஒரே இடத்தில் தங்கினால் ஒவ்வொன்றும் ஒரு முறைதான். ஒவ்வொரு முறையும் இருபது நிமிட வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால், முதல் பயணத்தில் அது ஏறத்தாழ ஐந்து மணி நேரம். இரண்டாவதில் நாற்பது நிமிடம். ஒரே வண்டி முதல் குடும்பத்துக்கு அசௌகரியமாகவும் இரண்டாவது குடும்பத்துக்குச் சுகமாகவும் இருப்பதன் காரணம் இந்தக் கணக்கில் இருக்கிறது. 'எது சிறந்த மடக்கு டிரெய்லர்' என்ற கேள்விக்குப் பொதுவான விடை இல்லாமல் போவதும் இதனால்தான்.

எடை: எழுதியிருப்பதும் ஏறியிருப்பதும்

'இலகுவானது' என்ற சொல் விளம்பரங்களில் வெற்று எடையைக் குறிக்கிறது, அதாவது தொழிற்சாலையை விட்டு வரும்போதுள்ள எடையை. பேட்டரி, எரிவாயு, தண்ணீர், விற்பனையாளர் பின்னால் பொருத்தும் துணைக்கருவிகள் ஆகியவை பெரும்பாலும் அதில் அடங்குவதில்லை. சாலையில் காரும் பிரேக்கும் எதிர்கொள்ளும் எடை வேறு. ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு: வெற்று எடை 590 கிலோ உள்ள வண்டியில் 40 லிட்டர் தண்ணீர் 40 கிலோ, அமெரிக்காவில் வழக்கமான 20 பவுண்டு எரிவாயு சிலிண்டர் நிரம்பிய நிலையில் ஏறக்குறைய 17 கிலோ, ஈய-அமில பேட்டரி 22 கிலோ, கூரை ஏசி 35 கிலோ, நிழல்விரிப்பு 15 கிலோ, படுக்கைத் துணி, பாத்திரம், உணவு, நாற்காலி, கருவிகள் எல்லாம் சேர்ந்து 120 கிலோ. கூட்டினால் 839 கிலோ. அமெரிக்காவில் விற்கும் பல சிறிய எஸ்யூவிகளின் இழுவை வரம்பு 1,500 பவுண்டு, அதாவது 680 கிலோ. விளம்பர எண்ணைப் பார்த்தபோது 90 கிலோ மிச்சம் இருப்பதாகத் தோன்றிய கார், உண்மையில் 159 கிலோ வரம்பு மீறி இழுக்கிறது.

இழுவை வரம்புக்குள் இருந்தால் மட்டும் போதாது. டிரெய்லரின் முன்முனை காரின் கொக்கியின் மேல் அழுத்தும் எடை, வட அமெரிக்க வழக்கப்படி மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை இருக்க வேண்டும். மிகக் குறைந்தால் வேகத்தில் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். ஐரோப்பாவில் இந்த விகிதம் குறைவு, ஓட்டும் வேகமும் குறைவு. மேலே சொன்ன 839 கிலோ வண்டியில் கொக்கி எடை ஏறக்குறைய 84 முதல் 126 கிலோ வரை வரும். அந்த எடை முழுவதும் காருக்குள் ஏற்றிய சுமையாகவே கணக்கிடப்படும். காரின் சுமை வரம்பு 400 கிலோ என்று கொண்டால், நால்வர் கொண்ட குடும்பத்துக்கு 260 கிலோ, பெட்டிகளுக்கு 60 கிலோ, கொக்கிக்கு 100 கிலோ என்று கூட்டும்போதே வரம்பு கடந்துவிடுகிறது. இழுக்கும் சக்தி மிச்சமிருந்தும் தாங்கும் சக்தி தீர்ந்துபோகும் இந்த நிலையைப் பலர் வாங்கிய பின்னரே கண்டுபிடிக்கிறார்கள். கார் கதவின் ஓரத்தில் ஒட்டியுள்ள சுமை அட்டையும், டிரெய்லரில் ஒட்டியுள்ள சரக்கு வரம்பு அட்டையும் சேர்ந்து இந்த உண்மையைச் சொல்லும்; அமெரிக்காவில் புதிய டிரெய்லர்களில் அந்த அட்டை சட்டப்படி இருக்க வேண்டும். ஏற்றிய வண்டியை லாரி நிறுத்தங்களில் உள்ள எடைமேடையில் ஒருமுறை நிறுத்திப் பார்ப்பது எந்த அட்டையையும்விட நம்பகமானது.

சட்டமும் எடையைக் கவனிக்கிறது. பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் 750 கிலோ என்பது முக்கியமான கோடு: மொத்த எடை வரம்பு அதைத் தாண்டும் டிரெய்லருக்குச் சொந்த பிரேக் கட்டாயம். கலிஃபோர்னியாவில் முகாம் டிரெய்லர்களுக்கு 1,500 பவுண்டிலேயே பிரேக் தேவைப்படுகிறது. வேறு பல மாநிலங்களில் 3,000 பவுண்டு. சட்டம் கேட்காத இடத்திலும் பிரேக் உள்ள வண்டியை வாங்குவதே சரி. காரின் பிரேக் கார் நிற்பதற்காக வடிவமைக்கப்பட்டது. மலைச்சாலை இறக்கத்தில் அரை டன்னுக்கு மேல் பின்னால் தள்ளும்போது அந்த வடிவமைப்பு உதவாது. பிரேக் சில பத்து கிலோவைக் கூட்டும்தான். எடையைக் குறைக்க எதை விட்டாலும் இதை விடக் கூடாது.

மடிந்திருக்கும் உயரமும் எடைக்கு நிகரான ஆதாயம். காற்றுத் தடை வண்டியின் முன்பரப்புக்கும் வேகத்தின் வர்க்கத்துக்கும் ஏற்பக் கூடுகிறது. முழு உயர டிரெய்லர் மூன்று மீட்டரை நெருங்கும். மடக்கு வண்டி ஏறக்குறைய ஒன்றரை மீட்டரில் நின்றுவிடும், அதிலும் பெரும்பகுதி காரின் மறைவிலேயே போகிறது. மணிக்கு 90 கிலோமீட்டரிலிருந்து 105க்குப் போனால் காற்றுத் தடை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுவதால், நெடுஞ்சாலையில் இந்த வேறுபாடு எரிபொருள் செலவில் தெளிவாகத் தெரியும். மின்கார்களுக்கு இது இன்னும் முக்கியம். உயரமான டிரெய்லரை இழுக்கும்போது அவற்றின் பயணத் தொலைவு பாதியளவுக்குக் குறைவது பொதுவாகக் காணப்படுவது. பக்கக் காற்று அடிக்கும்போதும் பெரிய லாரிகள் கடக்கும்போதும் தாழ்ந்த வண்டி குறைவாகவே ஆடும். பின்பக்கக் கண்ணாடியில் சாலை தெரியும். அமெரிக்க வீடுகளின் வழக்கமான கொட்டகைக் கதவு உயரம் ஏழு அடி. அதற்குள் நுழையும் வண்டிக்கு வெயிலும் பனியும் படாது, ஆயுளும் கூடும். ஆனால் கூரை மேல் ஏசியையும் சைக்கிள் தாங்கியையும் ஏற்றிவிட்டால் இந்த நன்மைகளில் பல போய்விடும்.

எது சுகம்

முகாமில் சுகம் என்பது உறக்கம், உலர்வு, ஓரளவு வெப்பம், எளிதில் கிடைக்கும் உணவு. இந்த நான்கையும் இலகுவாகவே அடையலாம். நல்ல மெத்தை பெரிய எடை அல்ல; தொழிற்சாலை தரும் மெல்லிய நுரைமெத்தையை மாற்றுவதே பலருக்கும் மிகப் பயனுள்ள முதல் செலவு. உலர்வு காற்றோட்டத்தில் இருக்கிறது. உறங்கும் ஒருவர் இரவு முழுவதும் மூச்சாலும் தோலாலும் கால் லிட்டர் அளவுக்கோ அதற்கு மேலுமோ நீரை அறையில் விடுகிறார். நால்வர் படுத்த அறையை முற்றிலும் அடைத்தால் விடியும்போது வினைல் சுவரில் நீர் வழியும். மேலே ஒரு துளையும் கீழே ஒரு துளையும் திறந்திருந்தால் பெரும்பகுதி வெளியேறிவிடும். பருத்தி கலந்த கேன்வாஸ் கொஞ்சம் மூச்சு விடும், ஆனால் உலர நேரம் எடுக்கும். பூச்சிட்ட வினைல் சீக்கிரம் துடைத்து உலரும், உள்ளே புழுக்கத்தைத் தேக்கும். எதுவானாலும் ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும். மழையில் மடிக்க நேர்ந்தால் வீடு வந்ததும் ஓரிரு நாளுக்குள் திரும்ப விரித்து உலர்த்தத்தான் வேண்டும். துணிச்சுவர் வண்டியை வாங்குபவர் விரித்து உலர்த்துவதற்கான இடத்தையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்; அடுக்குமாடியில் குடியிருந்து, வாடகைக் கிடங்கில் வண்டியை நிறுத்துபவருக்கு ஏ-வடிவம் பொருந்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெப்பத்தை விட குளிரை எளிதாகச் சமாளிக்கலாம். எரிவாயுவில் எரிந்து புகையை வெளியே விடும் சிறிய சூடேற்றி, துணிச்சுவர் அறையையும் உறையும் நிலைக்கு அருகில் தாங்கக்கூடியதாக வைக்கும். அதன் காற்றாடி சில ஆம்பியர்தான் எடுக்கும். விட்டுவிட்டு இயங்கினால் ஓர் இரவுக்கு 15 முதல் 20 ஆம்பியர்-மணி போதும். 100 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரியில் பாதியை மட்டுமே பயன்படுத்துவது அதன் ஆயுளுக்கு நல்லது என்றாலும், இரண்டு இரவு ஓடும். வண்டிக்குள் திறந்த அடுப்பையோ கரியையோ எரித்து வெப்பம் தேடுவது கார்பன் மோனாக்சைடால் உயிரைக் குடிக்கும். எச்சரிக்கைக் கருவி இல்லாத வண்டியில் உறங்கவே கூடாது. ஏசியின் கதை வேறு. கூரை ஏசி ஒன்றரை கிலோவாட் அளவில் மின்சாரம் கேட்கும். முகாமிட மின்னிணைப்போ ஜெனரேட்டரோ இல்லாமல் ஓடாது. வெப்பத்தடை இல்லாத துணிச்சுவருக்குள் அது தரும் குளிர்ச்சியில் பெரும்பகுதி வெளியே போய்விடும். வெயில் காலத்தில் எப்போதும் மின்னிணைப்புள்ள இடத்திலேயே தங்குவோர் தவிர மற்றவர்களுக்கு, உயரமான இடங்களையும் நிழலையும் தேடிப் போவது 35 கிலோவைச் சுமப்பதைவிட நல்ல தீர்வு.

ஃபிரிட்ஜிலும் இதே தர்க்கம் செல்லும். எரிவாயுவிலும் இரு வகை மின்சாரத்திலும் இயங்கும் உறிஞ்சல் வகை ஃபிரிட்ஜ் சத்தமின்றி நாள்கணக்கில் ஓடும், ஆனால் வண்டி மட்டமாக நிற்க வேண்டும். கடும் வெயிலில் திணறும். பேட்டரியில் ஓடும் கம்ப்ரஸர் வகை சாய்வைப் பொருட்படுத்தாது, ஆனால் தினமும் மின்னூட்டம் வேண்டும். இரண்டு இரவுப் பயணத்துக்கு நல்ல ஐஸ் பெட்டி இரண்டையும் விட இலகுவானது, பழுதாகாதது.

மறுப்புகளும் விடைகளும்

முதல் மறுப்பு வலுவானது. இவ்வளவு தொல்லை ஏன், ஒரு சிறிய கண்ணீர்த்துளி வடிவ வண்டியோ சிறிய கண்ணாடியிழை டிரெய்லரோ வாங்கினால் மடிக்கவே வேண்டாமே என்று கேட்கலாம். சந்தையும் அந்தப் பக்கம்தான் நகர்ந்தது: 1990களில் அமெரிக்காவில் பெருமளவில் விற்ற மடக்கு வண்டிகளின் விற்பனை 2000களுக்குப் பின் வெகுவாகச் சரிந்தது. ஒருவர் அல்லது இருவர், அடிக்கடி இடம் மாறுவோர் என்றால் இந்த மறுப்பை ஏற்றுக்கொள்ளவே வேண்டும். அவர்களுக்கு மடக்காத சிறு வண்டி பல சமயம் மேலானது. ஆனால் கண்ணீர்த்துளி வண்டியில் உள்ளே நிற்க முடியாது, நான்காவது ஆளுக்கு இடமில்லை. நான்கு பேர் படுக்கும் திடச்சுவர் டிரெய்லரில் எடையும் உயரமும் கூடிவிடுகின்றன; அதற்காகப் பெரிய காரும் வாங்க வேண்டியிருந்தால் செலவு இருமடங்காகிறது. ஏற்கெனவே உள்ள நடுத்தரக் காரால் ஒரு குடும்பத்தையே இழுத்துச் சென்று படுக்கவைக்கும் திறன் இன்னும் மடக்கு வண்டிக்கே உரியது.

இரண்டாவது மறுப்பு பாதுகாப்பைப் பற்றியது. கரடிகள் நடமாடும் இடங்களில் துணிச்சுவர் பாதுகாப்பல்ல. யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் ஃபிஷிங் பிரிட்ஜ் முகாமிடம் திடச்சுவர் வண்டிகளை மட்டுமே அனுமதிக்கிறது, துணிப் பக்கமுள்ள பாப்-அப் வண்டிகளுக்கும் அங்கே இடமில்லை. இந்த உண்மை மடக்கு வண்டி என்ற வகையையே தள்ளிவிடவில்லை. எந்த மடிப்பு என்று கேட்க வைக்கிறது. ராக்கி மலைத்தொடரை அடிக்கடி நாடுபவர் ஏ-வடிவத்தையோ திடச்சுவர் மடிப்பையோ பார்க்க வேண்டும். போகும் முகாமிடங்களின் விதிகளை வண்டி வாங்குமுன்பே படித்துவிட வேண்டும். அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரைப் பகுதிகளிலும் ஐரோப்பாவிலும் பயணம் செய்பவருக்கு இந்தக் கேள்வி எழுவது அரிது.

மூன்றாவது மறுப்பை முதியோர் முன்வைக்கிறார்கள்: கழிப்பறையை வசதிப் பட்டியலின் கடைசியில் தள்ளுவது இளையோரின் பார்வை, இரவில் இரண்டு மூன்று முறை எழ வேண்டியவருக்கு அது ஆடம்பரம் அல்ல. இது முற்றிலும் நியாயம். ஆனால் இங்கும் மடிப்பின் தர்க்கமே உதவுகிறது. நீர்த்தொட்டியும் கழிவுத்தொட்டியும் கொண்ட நிலையான கழிப்பறை எடையைப் பெருக்கும். கையால் தூக்கிச் சென்று கொட்டும் சிறு கழிப்பறைப் பெட்டி, திரை ஒன்றோடு சேர்ந்து, சில கிலோவில் அதே தேவையைத் தீர்க்கும். முதியோருக்கு அதைவிடப் பெரிய கேள்வி விரிப்பின் உடலுழைப்பு: கிராங்கைச் சுழற்ற வேண்டிய பலம், கூரைப் பாதியைத் தள்ளிவிட வேண்டிய உயரம், தாங்குகால்களுக்காகக் குனிய வேண்டிய முதுகு. மின்தூக்கி கிராங்கின் வேலையை மிச்சப்படுத்தும். ஆனால் அது நின்றுபோனால் கையால் இறக்கும் வழி இருக்கிறதா என்பதை வாங்குமுன் செய்துபார்த்தே அறிய வேண்டும்.

தேர்வு செய்யும் வரிசை

மேற்சொன்னவற்றிலிருந்து ஒரு வரிசை தானாகவே கிடைக்கிறது. முதலில் காரின் கையேட்டை எடுத்து இழுவை வரம்பையும் சுமை வரம்பையும் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டிலும் ஐந்தில் ஒரு பங்கை மிச்சமாக விடுவது மலைக்கும் வெயிலுக்கும் எதிர்காலத்துக்கும் போதுமான இடம் தரும். அடுத்து, நிகழக்கூடிய பயணங்களை எழுதிப் பார்க்க வேண்டும்: ஓரிடத்தில் எத்தனை இரவு, எந்தப் பருவம், எந்த முகாமிட விதிகள், யார் விரிக்கப் போகிறார்கள். அதிலிருந்து மடிப்பு வகை கிடைக்கும். ஒரே இடத்தில் நீண்ட நாள் தங்குவோருக்கும் பெரிய குடும்பத்துக்கும் துணிச்சுவர். அடிக்கடி நகரும் இருவருக்கு ஏ-வடிவம். உள்ளேயே குளியலறை தேவைப்பட்டு, அதை இழுக்க வல்ல காரும் இருப்பவருக்குத் திடச்சுவர் மடிப்பு. இதன் பிறகே வசதிகளைப் பார்க்க வேண்டும், அதுவும் ஒவ்வொன்றின் எடையையும் எழுதிக் கூட்டிக்கொண்டு.

பயன்படுத்திய வண்டி என்றால் பார்வையை இன்னும் கூர்மையாக்க வேண்டும். கூரையின் மூலைகளிலும் தரையின் ஓரங்களிலும் விரலால் அழுத்திப் பார்த்தால் நீர் புகுந்த மரம் மெத்தென்று இறங்கும். அந்த வண்டியை மலிவு என்று வாங்கக் கூடாது. 1990களின் இறுதியிலிருந்து சில ஆண்டுகள் வந்த சில வண்டிகளின் ஒற்றைத்துண்டு பிளாஸ்டிக் கூரைகள் விரிசலும் தொய்வும் கண்டவை. டயரின் பக்கத்தில் நான்கு இலக்கக் குறியீடு உற்பத்தி வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். டிரெய்லர் டயர்கள் தேய்வதற்கு முன்பே மூப்பால் கெடும். தூக்குவடம், வின்ச், தையல், ஜிப், சக்கர பேரிங், பிரேக் ஆகியவற்றைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். புதிதானாலும் பழையதானாலும் கடைசிச் சோதனை ஒன்றே: விற்பவர் கை வைக்காமல், பயணத்தில் அந்த வேலையைச் செய்யப்போகும் அதே ஆட்கள் வண்டியை முழுவதும் விரித்து, உள்ளே படுத்துப் பார்த்து, திரும்ப மடிக்க வேண்டும், பிறகு இன்னொரு முறை விரித்து மடிக்க வேண்டும். இரண்டாம் முறை முடிந்ததும் எரிச்சல் மிஞ்சினால், உள்ளே என்ன வசதி இருந்தாலும் அந்த வண்டி அவர்களுக்கானது அல்ல. இரண்டாம் முறை கை தானாக நகர்ந்தால், ஃபிரிட்ஜ் சிறிதாக இருப்பதையும் ஏசி இல்லாததையும் பொருட்படுத்தாமல் வாங்கலாம்.